கார் கழுவும் பம்பால் கண்ணாடி வெட்டுவது

கிளிநொச்சிப் பக்கம் நான் செய்வது அலுமினியம், கண்ணாடி, டைல்ஸ் வேலை. நேர்கோட்டில் வெட்டுவதென்றால் கண்ணாடிக்குக் கீறுகிற கட்டர், டைல்ஸுக்கு வைரத் தட்டுப் போட்ட கிரைண்டர், அதோடு வேலை முடிந்தது. வட்டத் துளைக்கும் வைரப் பிற் கிடைக்கிறது. ஆனால் சாமி அறைத் தரையில் தாமரை இதழ் மாதிரி டைல்ஸ் பதிக்கவேண்டும் என்று ஒருவர் கேட்டால், அல்லது கண்ணாடி மேசையின் ஓரம் அலை அலையாக வளைந்து போகவேண்டும் என்றால், கொழும்புக்கு அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லவேண்டும். முடியாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதனால்தான் வாட்டர்ஜெட், அதாவது நீர்த்தாரையால் வெட்டுகிற மெஷின், பக்கம் போனேன்.

தொழிற்சாலையில் இருக்கிற வாட்டர்ஜெட் தண்ணீரை ஏறக்குறைய 4,000 பார் (ஒரு பார் என்றால் எங்களைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவு) அழுத்தத்துக்கு ஏற்றி, நீலக்கல்லிலோ வைரத்திலோ செய்த 0.3 மில்லிமீற்றர் சொச்சத் துளையால் விடுகிறது. அந்தத் தாரையின் வேகம் நொடிக்கு 900 மீற்றர் அளவில், அதாவது ஒலியைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதை இயக்குவது சும்மா பம்ப் இல்லை. இன்டென்சிஃபயர் என்று சொல்வார்கள். 200 பார் ஹைட்ரோலிக் எண்ணெய் ஒரு பெரிய பிஸ்டனைத் தள்ள, அதோடு சேர்ந்த சின்ன பிஸ்டன் தண்ணீரைத் தள்ளும். பரப்பளவு இருபதுக்கு ஒன்று என்றால் அழுத்தம் இருபது மடங்கு. அதற்கு 50 எச்.பி. மோட்டர். அந்த விலை நமக்கு எட்டாது. எட்டினாலும் ஊர் லேத்தில் கடைந்த உருளைக்குள் 4,000 பாரை அடைத்து வைக்க நினைப்பது உயிரோடு விளையாடுவது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இதைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் வருகிற கேள்வி "எத்தனை பார்?" என்பதுதான். பம்ப் விற்கிறவரும் அதைத்தான் சொல்லி விற்கிறார், வாங்குகிறவரும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார். ஆனால் பம்ப் அழுத்தத்தைத் தருவதில்லை. பம்ப் தருவது ஓட்டத்தை. நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று அது தள்ளிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் வெளியேற எவ்வளவு சின்ன வழி விடுகிறோம் என்பதைப் பொறுத்து அழுத்தம் ஏறுகிறது. வாயைத் திறந்து விட்டால் 200 பார் பம்பும் தோட்டத்து ஹோஸ் மாதிரித்தான் ஊற்றும். ஆகவே கேட்கவேண்டியது இரண்டு: இந்தப் பம்ப் எத்தனை பாரைத் தாங்கும், எத்தனை லீற்றர் தரும். இரண்டையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 150 பாரில் நிமிடத்துக்கு 8 லீற்றர் என்றால் 2 கிலோவாட். மோட்டரிலும் பம்பிலும் போகிற இழப்பையும் சேர்த்தால் 3 எச்.பி.க்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் கடைக்காரர் "300 பார், வீட்டு கரண்டில் ஓடும், 15 லீற்றர்" என்று சொல்லும்போது அது நடக்காத காரியம் என்று அங்கேயே தெரிந்துவிடும். 7.5 கிலோவாட் கேட்கிற வேலை அது. பதின்மூன்று அம்பியர் பிளக்கில் 3 கிலோவாட்தான் எடுக்கலாம்.

சரி, 150 பாரில் என்ன வேகம் வரும்? நொடிக்கு 173 மீற்றர். 4,000 பாரோடு பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு. வெறும் தண்ணீராக விட்டால் ஸ்பொஞ்சை வெட்டும், நனைந்த மட்டையைக் கிழிக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீர் வெட்டுவதில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். கனதியான பொருளை வெட்டுவது மணல். தண்ணீர் அந்த மணலைச் சுமந்து எறிகிறது. 1950களில் நோர்மன் ஃபிரான்ஸ் என்கிற காட்டியல் ஆய்வாளர் மரத்தை நீர்த்தாரையால் அறுக்க முயன்றார். வெறும் தண்ணீர்தான், மெத்தென்ற பொருட்களோடு அது நின்றது. 1979ஐ ஒட்டி மொஹமெட் ஹாஷிஷ் அந்தத் தாரைக்குள் கார்னெட் என்கிற கடினமான கனிய மணலைக் கலந்துவிட்ட பிறகுதான் உருக்கும் கண்ணாடியும் கல்லும் வெட்டுப்பட்டன. அமெரிக்காவில் 2016இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வேசர் என்ற மேசை மெஷின் வந்ததும் இதே வழியில்தான்: அழுத்தம் குறைவு, மணல் உண்டு, நேரம் கூட எடுக்கும். அந்த வழி எங்களுக்குச் சரிவரும் என்று நான் முடிவெடுத்தேன்.

அப்புறம் பம்ப் தேடல். வன்னியில் உயர் அழுத்தப் பம்ப் இல்லை என்று நினைக்கவேண்டாம், கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கிறது.

வீட்டுக்குக் கார் கழுவ வாங்குகிற சின்ன வோஷரில் 100 முதல் 140 பார் வரை எழுதியிருப்பார்கள். பெட்டியில் எழுதியிருப்பது உச்ச அழுத்தம், தொடர்ந்து ஓடும்போது அதிலும் குறைவு. உள்ளே பிளாஸ்டிக்கோ அலுமினியமோ தலை, சாய்ந்த தட்டு ஒன்று சுழன்று மூன்று சின்னப் பிஸ்டன்களைத் தள்ளும், பெரும்பாலும் கார்பன் பிரஷ் மோட்டர். பத்து நிமிடம் கழுவி ஓய்வு கொடுக்கச் செய்த சாமான் அது. வெட்டு வேலை மணித்தியாலக் கணக்கில் நிறுத்தாமல் ஓடும். பரிசோதனைக்குப் போதும், தொழிலுக்குப் போதாது.

பயிருக்கு மருந்தடிக்கிற பிளன்ஜர் பம்ப் இருக்கிறது. அதுவும் மூன்று பிஸ்டன், பார்வைக்கு ஒரே சாதி. ஆனால் 30, 40 பார்தான். அதன் தலையை மாற்றி, ஸ்பிரிங்கை இறுக்கி 150க்கு ஏற்றலாம் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். வார்ப்பு வெடித்தால் எதிரில் நிற்பவருக்குத்தான் படும். டிராக்டர் ஹைட்ரோலிக் பம்ப் 150 பாரைத் தாண்டும், ஆனால் அது எண்ணெய்க்குச் செய்தது. தண்ணீருக்கு உராய்வைக் குறைக்கிற தன்மை இல்லை, கறளும் பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். டீசல் இன்ஜெக்டர் சோதிக்கிற கைப்பம்ப் 400 பார் காட்டும். மீற்றரில் முள் ஏறுவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் ஓட்டம் சொட்டுக் கணக்கு. முன்னே சொன்ன கணக்குப்படி அதில் வேலை எடுக்க முடியாது.

நமக்கு வேண்டியது சேர்விஸ் ஸ்டேஷன் பம்ப். ஏ9 நெடுக, பரந்தன் தொடக்கம் வவுனியா வரை, வாகனம் கழுவுகிற இடங்களில் பெல்ட்டில் ஓடுகிற மூன்று பிளன்ஜர் பம்ப் ஒன்று எண்ணெய் ஒழுகியபடி நின்றுகொண்டிருக்கும். பித்தளைத் தலை, பீங்கான் பிளன்ஜர், கீழே எண்ணெய்க் குளியலில் கிராங்க். இத்தாலியில் செய்த இன்டர்பம்ப், அனோவி ரெவர்பெரி போன்றவை நல்லவை. சீனப் பிரதிகளும் ஏராளம். அவர்கள் பெரிய பம்ப் மாற்றும்போது பழையதைக் கழட்டி மூலையில் போடுவார்கள். அதைத்தான் நான் வாங்கினேன். புதிதாகவோ றீகண்டிஷனாகவோ வேண்டுமென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகவேண்டும். அங்கே கையில் எடுத்துப் பார்த்து, தட்டைப் படித்து, பேரம் பேசி வாங்கலாம். இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து பம்ப் வாங்கவேண்டாம். நொசில், துளைக்கல் போன்ற சின்னச் சாமான்களுக்கு இணையம் சரி.

பழைய பம்ப் பார்க்கிற விதத்தை எனக்குக் காட்டித் தந்தவர் பம்ப் திருத்துகிற ஒரு அண்ணை. எல்லோரும் தலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். அவர் கீழே குனிந்து எண்ணெய் பார்க்கிற கண்ணாடியைத் துணியால் துடைத்தார். "தம்பி, பிளன்ஜரைப் பாக்க முதல் எண்ணெயைப் பாருங்கோ. வெள்ளை கலந்திருந்தா உள்ளுக்குத் தண்ணி போட்டுது. பேரிங் எப்ப போகும் எண்டு சொல்லேலாது." பிறகு தலையின் போல்ட்டுகளை மூலைக்கு மூலை தளர்த்திக் கழட்டினார். பிளன்ஜர்கள் மூன்றும் வெளியே வந்தன, வெள்ளைப் பீங்கான், விரல் தடிப்பு. துடைத்துவிட்டு ஒவ்வொன்றிலும் நகத்தை மெல்ல மேலிருந்து கீழாக இழுத்தார். நடுப் பிளன்ஜரில் நகம் ஓரிடத்தில் தடுக்கியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் திருப்பிப் பிடித்தபோதுதான் தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பு இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் அரைத்துத் தள்ளிவிடும். வால்வு ஆறு: உள்ளெடுக்க மூன்று, வெளிவிட மூன்று. அவற்றில் சுண்ணாம்பு படிந்து ஒன்று முழுதாக உட்காராமல் இருந்தது. வால்வைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து எடுத்தோம், பிளன்ஜரும் சீல் செட்டும் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். அந்தப் பம்பின் மாதிரிக்கு சீல் செட் கிடைக்குமா என்பதை வாங்கமுதலே கேட்டு உறுதிப்படுத்தியிருந்தேன். பம்ப் எவ்வளவு மலிவென்றாலும் சீல் கிடைக்காவிட்டால் அது பழைய இரும்பு.

இயக்குவதற்கு மோட்டரா இன்ஜினா என்பது உங்கள் இடத்தைப் பொறுத்தது. மூன்று பேஸ் லைன் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒற்றை பேஸில், ஊர் லைனின் கடைசிக் கம்பத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு, 3 எச்.பி. மோட்டர் எழும்பும்போது பக்கத்து வீட்டு லைட்டும் மங்கும். தொடங்குகிற கரண்ட் ஓடுகிற கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு போகும். ஆனால் பெல்ட்டில் ஓடுகிற பம்பில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பம்பின் பெல்ட் சக்கரத்தைப் பெரிதாக்கி வேகத்தைக் குறைத்தால் ஓட்டம் அதே விகிதத்தில் குறையும், ஆனால் அந்த ஓட்டம் துளை குடிக்கிறதை விடக் கூடவாக இருக்கும்வரை அழுத்தம் குறையாது. 8 லீற்றர் பம்பைப் பாதி வேகத்தில் ஓட்டினால் 4 லீற்றர், 150 பாரில் 1 கிலோவாட்தான், 2 எச்.பி. மோட்டர் சிரமமில்லாமல் இழுக்கும். பாதிக்குக் கீழே நான் இறக்கவில்லை. இந்தப் பம்புகளில் கிராங்க் எண்ணெயை அடித்துத் தெறிக்கவைத்துத்தான் தன்னை நனைத்துக்கொள்கிறது, மிக மெதுவாகப் போனால் மேலே எண்ணெய் எட்டாது.

கரண்ட் நம்பிக்கை இல்லாத இடத்தில் லாண்ட்மாஸ்டர், அதாவது இரண்டு சக்கர உழவு மெஷினின், இன்ஜின். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின மாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். விதைப்புக்கும் வெட்டுக்கும் இடையில் லாண்ட்மாஸ்டர் சும்மா நிற்கிறது, அதன் பெல்ட்டில் இறைப்பு மெஷின் ஓட்டிப் பழகிய கைகள் இங்கே வீட்டுக்கு வீடு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய ஊர் இது. ஒரு சாமான் இல்லாவிட்டால் அதன் வேலையை வேறு எது செய்யும் என்று பார்க்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். இந்த வேலைக்கு அது நேரடியாகவே உதவுகிறது.

பம்பைக் கொல்வது அழுத்தம் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் கொல்வது உள்ளே வருகிற தண்ணீர். கிணற்றிலிருந்து நேராக உறிஞ்ச விட்டால், அல்லது அரை அங்குல ஹோஸால் கொடுத்தால், பிளன்ஜர் பின்வாங்கும்போது போதிய தண்ணீர் வராமல் உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டாகி வெடிக்கும். கூழாங்கல்லைத் தகர டின்னுக்குள் போட்டுக் குலுக்குகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள், வால்வும் சீலும் அரிபடுகின்றன. மேலே தொட்டி வைத்து, முக்கால் அங்குலத்துக்குக் குறையாத குழாயால், வளைவு குறைத்து இறக்கினால் போதும். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் தெரியாதவர் இல்லை. கேத்தலின் அடியைப் பார்த்தால் தெரியும். அதே படிவு 0.5 மில்லிமீற்றர் துளையின் வாயில் கொஞ்சம் படிந்தாலே தாரை நேராகப் போகாமல் விசிறியாக விரியும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்துத் தொட்டியில் வைத்துக்கொள்கிறேன். கோடையில் அது முடிந்தபின் வடித்த கிணற்றுத் தண்ணீர்தான். எந்தத் தண்ணீர் என்றாலும் முதலில் 20 மைக்ரோன், பிறகு 5 மைக்ரோன் ஃபில்டர். குடிதண்ணீர் ஃபில்டருக்கு விற்கிற அதே வெள்ளைக் காட்ரிட்ஜ்தான்.

துளைக்குப் போகாத மிச்சத் தண்ணீர் அன்லோடர் வால்வு, அதாவது அழுத்தம் கூடினால் தண்ணீரைத் திருப்பி விடுகிற வால்வு, வழியாகத் திரும்பும். அதைத் திரும்பவும் பம்பின் வாயிலேயே சேர்க்கிறவர்கள் உண்டு. கார் கழுவும்போது துப்பாக்கியை விட்டு விட்டு அமத்துவதால் அது பரவாயில்லை. வெட்டும்போது கூடாது. 150 பாரிலிருந்து வெறும் அழுத்தத்துக்கு விழுகிற தண்ணீர் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்றரை பாகை சூடேறும். சின்னச் சுற்றில் அதே தண்ணீர் சுழன்றால் சில நிமிடத்தில் கை வைக்க ஏலாது, சீல் உருகும். தொட்டிக்குத் திருப்பி விடுங்கள்.

ஹோஸ் விஷயத்தில் ஒரு சதம்கூட மிச்சம் பிடிக்கவேண்டாம். ஜே.சி.பி. ஓடுகிற ஊரில் ஹைட்ரோலிக் ஹோஸ் கிரிம்ப் பண்ணுகிற கடை கட்டாயம் இருக்கும். கால் அங்குலத்தில் இரண்டு அடுக்குக் கம்பி பின்னிய 2எஸ்என் ஹோஸ் 400 பார் வேலை அழுத்தத்துக்கு உரியது. ஒற்றை அடுக்கு 1எஸ்என் 225. 150 பாருக்கு இரண்டுமே தாங்கும், ஆனால் பம்ப் அடிக்கிற துடிப்பு ஹோஸைக் களைக்கவைக்கும், ஆகவே நான் இரட்டை அடுக்குத்தான் போட்டேன். ஜி.ஐ. குழாய், தண்ணீர்க் குழாய் சொக்கட், கிளிப் போட்ட இணைப்பு எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது.

இரும்பு பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், வன்னியில் இருப்பதால். தடித்த சுவருள்ள குழாய் வேண்டும், உருளை வேண்டும் என்று பழைய இரும்புக் குவியலைக் கிளறப் போகாதீர்கள். எங்கிருந்து வந்தது, எதன் பகுதி என்று தெரியாத இரும்பு இங்கே வெறும் இரும்பு அல்ல. முகமாலைப் பக்கம் போர் முடிந்து எத்தனையோ வருடம் கழிந்தும் கண்ணிவெடி அகற்றினார்கள். சந்தேகமான சாமானைக் கண்டால் தொடாமல் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ சொல்லுங்கள். மணல் கலந்த நீர்த்தாரை சூடேற்றாமல் வெட்டுவதால், வெளிநாடுகளில் பழைய குண்டுகளின் கூட்டை வெட்டித் திறக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். அது பயிற்சி பெற்றவர்கள் தூரத்தில் நின்று செய்கிற வேலை. எங்கள் பட்டறை வேலை அல்ல.

வெட்டும் தலை சின்னதுதான், விரல் நீளம். மேலே நீலக்கல் துளை 0.5 மில்லிமீற்றர், 150 பாரில் அது நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் அளவில் குடிக்கும். அதன் கீழே ஒரு சின்ன அறை, பக்கத்தால் மணல் வருகிற குழாய், அதற்கும் கீழே டங்ஸ்டன் கார்பைட் குழல். குழலின் உள்விட்டம் துளையைப்போல மூன்று மடங்கு இருக்கவேண்டும் என்பது வழக்கம், ஆகவே 1.5 மில்லிமீற்றர். தாரை வேகமாகப் போகும்போது அறைக்குள் வெற்றிடம் உண்டாகி மணலைத் தானாக இழுக்கும். மணல் ஒருபோதும் பம்புக்குள் போவதில்லை. துளையும் குழலும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும் என்பதில்தான் முழு உயிரும் இருக்கிறது. தாரை சற்றுச் சாய்ந்தாலும் அது கண்ணாடியை வெட்டமுதல் குழலை வெட்டும். லேத்காரரிடம் மேல் கீழ் இரண்டு இருக்கைகளையும் கழட்டாமல் ஒரே பிடியில் கடையச் சொல்லுங்கள். கழட்டித் திருப்பிப் பிடித்தால் மையம் விலகும்.

மணல் 80 மெஷ் கார்னெட், துகள் 0.18 மில்லிமீற்றர் அளவு. கார்னெட் கனம், கடினம், உடைந்தாலும் கூர் முனையோடு உடையும். கொக்கிளாய் தாண்டினால் புல்மோட்டைக் கரையில் கறுத்த மணல் கொட்டிக் கிடக்கிறதே, அதை அள்ளிப் பாவித்தால் என்ன என்று கேட்பார்கள். அது பெரும்பாலும் இல்மனைட், கார்னெட்டை விட மெது; அதோடு அனுமதி இல்லாமல் கனிய மணல் அள்ளுவது சட்டப்படி குற்றம். ஆற்று மணலும் வேண்டாம். அதில் இருப்பது சிலிக்கா, காய்ந்த தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராத நோய் தரும், வன்னி ஆறுகளில் மணல் அள்ளி ஏற்பட்டிருக்கிற பாழும் போதும். மூட்டைக் கார்னெட் வாங்குங்கள். மாரிக் காலத்தில் ஈரத்தில் கட்டிபிடித்துக் குழாயில் நின்றுவிடும், வெயில் வரும்போது தகரத்தில் பரப்பிக் காயவைத்து, நுளம்பு வலையால் அரித்து, மூடியுள்ள வாளியில் வைத்தால் சரி. தொடங்கும்போது முதலில் தண்ணீர், பிறகு மணல். நிறுத்தும்போது முதலில் மணல், பிறகு தண்ணீர். மாறினால் மணல் குழாய்க்குள் தண்ணீர் ஏறிச் சேறாகிவிடும்.

தலையை நகர்த்துகிற மேசை, கணினி சொல்கிறபடி நகர்கிற மற்ற சி.என்.சி. மேசை மாதிரியே: படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டர், ஆர்டுயினோ என்கிற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, அதில் ஓடுகிற கிர்பிள் மென்பொருள். கூடுதல் சிக்கல் ஈரம் மட்டும்தான். தண்டவாளத்தை மேசைக்கு மேலே உயர்த்தி ரப்பர்த் துணியால் மூடினேன், மின் பெட்டியைத் தனியே சுவரில் ஏற்றி, கரண்ட் கசிந்தால் உடனே அமத்துகிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்டேன். கீழே தண்ணீர் நிரம்பிய தொட்டி. தாரையின் மிச்ச வேகத்தை அந்தத் தண்ணீர் தின்றுவிடும். அடியில் சேருகிற சேற்றை வாய்க்காலில் விடாமல் அடையவிட்டு அள்ளிச் சாக்கில் கட்டவேண்டும்.

இனி, கை. இதை மெதுவாக வாசியுங்கள். உயர் அழுத்தத் தாரை தோலைத் துளைக்க 150 பார் தேவையில்லை, அதில் சிறு பங்கே போதும். துளை ஊசி குத்தினது போலத்தான் இருக்கும், இரத்தமும் வராது, முதலில் வலியும் பெரிதாக இராது. உள்ளே தண்ணீரும் மணலும் அழுக்கும் தசைக்கும் நரம்புக்கும் நடுவில் பரவி வீங்கி இரத்த ஓட்டத்தை அடைக்கும். விரலை இழந்தவர்கள் பலர் அடுத்த நாள் பார்க்கலாம் என்று விட்டவர்கள். தாரை உடம்பில் பட்டால், காயம் எவ்வளவு சிறிதென்றாலும், அந்த நேரமே பெரியாஸ்பத்திரிக்குப் போய், உயர் அழுத்தத் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று வாய் திறந்து சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வெளிக்காயம் என்று மருந்து கட்டி அனுப்பவும் கூடும். கிரீஸ் அடிக்கிற துப்பாக்கி, டீசல் இன்ஜெக்டர், பெயின்ற் ஸ்ப்ரே எல்லாவற்றுக்கும் இதே கதைதான், பட்டறையில் வேலை செய்கிற பொடியன்களுக்கு இதைச் சொல்லிவைப்பது எங்கள் கடமை. ஒழுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது, ஒரு மட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். என் மெஷினில் மூடியைத் திறந்தால் மோட்டர் நிற்கும்படி சுவிட்ச் வைத்திருக்கிறேன்; அன்லோடரைத் தவிர தனியாக ஒரு பாதுகாப்பு வால்வும் இருக்கிறது. காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி.

வெட்டு எப்படி? மெதுவாக. 4 மில்லிமீற்றர் கண்ணாடியில் நிமிடத்துக்கு ஒரு சென்ரிமீற்றரை ஒட்டி, டைல்ஸில் அதிலும் குறைவு. 2 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு வெட்டுப்படுகிறது, விளிம்பு மங்கலாக, பிசிறு இல்லாமல், சூடு இல்லாததால் வளையாமல். வெட்டின் அகலம் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல், அதைக் கணினியில் கழித்துக்கொள்ளவேண்டும். கண்ணாடியின் நடுவில் துளை தொடங்குகிற இடத்தில் குறைந்த அழுத்தம் எங்களுக்கு நன்மை. பெரிய மெஷின்காரர்களே கண்ணாடியைத் துளைக்கத் தொடங்கும்போது அழுத்தத்தை வேண்டுமென்றே இறக்குகிறார்கள், முழு வேகத்தில் அடித்தால் அடிப்பக்கம் சிதறும். வாகனப் பக்கக் கண்ணாடி, கதவுக்குப் போடுகிற டெம்பர் கண்ணாடி எதையும் யாரும் எந்த வாட்டர்ஜெட்டாலும் வெட்ட முடியாது. முழுதாக நொறுங்கும், கொண்டுவரவேண்டாம். ரப்பர் கேஸ்கட் வெட்டித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் அதிகம். அது ஆச்சரியமான விஷயம்: கண்ணாடியை அரிக்கிற மணல் ரப்பரில் பட்டால் துள்ளித் திரும்புகிறது, அதனால்தான் சேண்ட்பிளாஸ்ட் செய்கிறவர்கள் மறைக்கவேண்டிய இடத்தில் ரப்பரை ஒட்டுகிறார்கள். இந்த அழுத்தத்தில் ரப்பருக்குக் கத்தியும், அடித்துத் துளை போடுகிற பஞ்ச் ஆயுதமும்தான் நல்லது.

தாமரை டைல்ஸ் வெட்டுப்பட்டது. எட்டு இதழ், இரண்டு நிறம், இதழுக்கும் தரைக்கும் இடையில் கிரவுட் போகிற அளவுதான் இடைவெளி. அதைவிட நுணுக்கமாக வேண்டுமென்றால் துளையை 0.35க்குக் குறைத்து குழலை 1 மில்லிமீற்றராக்கவேண்டும். பெரிய மெஷின்களில் அந்த அளவுக் குழலுக்கும் 80 மெஷ் மணல்தான் வழக்கம். அந்தக் குழலுக்கு ஓடர் கொடுத்திருக்கிறேன். இதே அளவுச் சேர்விஸ் ஸ்டேஷன் பம்ப் உங்களிடம் சும்மா கிடந்தால், விற்கமுதல் எண்ணெயின் நிறத்தையும் தட்டில் உள்ள எண்களையும் படம் எடுத்து அனுப்புங்கள், இதற்குச் சரிவருமா என்று பார்த்துச் சொல்கிறேன்.